கூழ்ச் சொம்பைத் திருப்பி அனுப்பிய வீட்டிலிருந்து

சாமல்பட்டி, ஊத்தங்கரை தொடங்கி பர்கூர், கிருஷ்ணகிரி, ஓசூர் வரைக்கும் பிள்ளைகளைக் கிறிஸ்தவர்களாக வளர்த்துக்கொண்டிருக்கும் தாய்மாருக்கும் தகப்பன்மாருக்கும்,

வணக்கம். "இயேசுவுக்குப் புகழ்" என்று தொடங்கியிருக்கலாம், அல்லது "ஸ்தோத்திரம்" என்று. உங்களில் சிலருக்கு முதலாவது வழக்கம், சிலருக்கு இரண்டாவது. இரண்டு தரப்பும் முகம் சுளிக்காமல் கடைசி வரி வரைக்கும் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுவதால் வணக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நான் இருபத்திரண்டு வருடமாக ஞாயிறு மறைக்கல்வி எடுக்கிறவள். உங்கள் பிள்ளைகளில் சிலருக்குப் பரலோக மந்திரம் சொல்லிக்கொடுத்ததும், புதுநன்மைக்கு வரிசையில் நிற்கவைத்துக் காலரைச் சரிசெய்து விட்டதும் நான்தான். அந்த உரிமையில் எழுதுகிறேன். ஆனால் முதலில் என் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் உங்களிடம் எதுவும் கேட்க எனக்கு வாய் வராது.

என் மகனுக்கு அப்போது எட்டு வயது. ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை. எங்கள் தெரு மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றிய நாள். எதிர்வீட்டு ஆயா வருடா வருடம் செய்வதுபோல ஒரு சொம்பு நிறையக் கேழ்வரகுக் கூழும், வாழையிலைத் துண்டில் கொஞ்சம் முருங்கைக்கீரையும் எடுத்துக்கொண்டு வந்தார். நான் பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். பையன் வாசலை மறித்து நின்று சொன்னது எனக்குப் பின்கட்டு வரைக்கும் கேட்டது: "இது பேய்க்குப் படைச்சது. எங்க வீட்ல குடிக்க மாட்டோம்."

அந்த ஆயா எங்களுக்கு யார் என்று சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரருக்கு மாதத்தில் பாதி நாள் இரவு ஷிப்ட். பையன் கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சல் வந்த ராத்திரிகளில் எதிர்வீட்டுக் கதவைத்தான் தட்டினேன். அவன் முதல் அடி எடுத்து வைத்தது அவர் வீட்டுத் திண்ணையில். அப்படிப்பட்டவர் அன்றைக்குச் சத்தம் எதுவும் போடவில்லை. "சரி கண்ணு" என்று சொம்பைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போய்விட்டார். நான் ஈரக்கையோடு ஓடிவந்தபோது அவர் முதுகுதான் தெரிந்தது.

அந்த வருடம் கிறிஸ்துமஸ் வந்தது. எப்போதும் நேராக அடுப்படிக்கு வந்து, "என்னடி, இன்னும் அதிரசத்துக்கு மாவு பதமா வரலையா" என்று அதட்டுகிறவர், அன்றைக்கு வாசற்படிக்குக் கீழே நின்றுகொண்டு என் மகனைப் பார்த்துக் கேட்டார்: "நாங்க உள்ள வரலாமா, கண்ணு?"

கூழ் வந்த அன்றே பையனை அடித்திருந்தேன். அடித்த கை எரிந்தபோதுதான் உறைத்தது, அந்த வாக்கியம் அவனுடையது இல்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் பத்துக் கட்டளைப் பாடத்தில், முதல் கட்டளைக்கு விளக்கம் என்று நான் சொன்ன வாக்கியம். பிள்ளைகள் ஆர்வமாகக் கேட்க வேண்டுமே என்று கொஞ்சம் பயமும் காரமும் சேர்த்துச் சொன்னேன். அவன் பாடத்தை ஒழுங்காகக் கேட்டிருக்கிறான், அவ்வளவுதான்.

இனி உங்களிடம் வருகிறேன்.

போன தவக்காலத்தில் என் வகுப்பில் ஒரு காரியம் செய்து பார்த்தேன். பெரிய பிள்ளைகள், எட்டாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை, பதினேழு பேர். "திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பல் ஏன் பூசுகிறோம்?" என்று கேட்டேன். இரண்டு பேர் கை தூக்கினார்கள். அதில் ஒருவன் சொன்னது தப்பு. "பக்கத்து வீட்டில் கும்பிடுகிறது சாமியா, சாத்தானா?" என்று கேட்டேன். "சாத்தான்" என்று சொல்லப் பதினேழு கையும் மேலே போனது. இந்தப் பதினேழு பேரையும் வளர்த்தது நீங்களும் நானும்தான். எதை நம்ப வேண்டும் என்று நாம் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. எதைப் பழிக்க வேண்டும் என்பதை மட்டும் மனப்பாடம் செய்யவைத்திருக்கிறோம். பக்கத்து வீட்டு விபூதியைப் பார்த்துச் சிரிக்கிற பையன், தன் நெற்றியில் இட்ட சாம்பலுக்கும் திருநீறு என்றுதான் பெயர் என்பதைக் கவனித்ததே இல்லை.

உங்கள் பதில் எனக்குத் தெரியும். வகுப்புக்கு வெளியே, சைக்கிள் ஸ்டாண்டில், அன்பியக் கூட்டத்தில் பலமுறை கேட்டதுதான். "டீச்சர், இந்த மாவட்டத்துல நூத்துக்கு ரெண்டு பேர்தான் நாம. எல்லாச் சாமியும் நல்ல சாமின்னு சொல்லிக்கொடுத்தா, நாளைக்குப் பையன் எந்தக் கோயில்ல நிப்பான்?" நியாயமான பயம். நானும் அதே பயத்தில்தான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். எல்லாச் சாமியும் ஒன்றுதான் என்று சொல்லிக்கொடுக்கும்படி உங்களை நான் கேட்கவே மாட்டேன். நான் அப்படி நம்பவில்லை. நம்பாததைப் பிள்ளைக்குச் சொன்னால் அது பொய். எதிர்வீட்டு ஆயாவும் அப்படி நம்புகிறவர் இல்லை. அவருக்கு அவருடைய மாரியம்மன்தான் மாரியம்மன்.

ஆனால் நம் பிள்ளைகள் கோயிலைவிட்டுப் போகிற வழியை இருபத்திரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒருவன்கூடக் கூழ் குடித்துப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை டியூஷனில் போனான். அப்பாவுக்கு வார விடுமுறை புதன்கிழமை, அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை, குடும்ப செபத்துக்கு ஒரு நாளும் வாய்க்கவில்லை, அதில் போனான். புதுநன்மை வாங்கி, போட்டோ எடுத்து, பிரியாணி போட்டு, அடுத்த வாரத்திலிருந்து வகுப்புக்கே வராமல் போனான். அந்த இடத்தில் செல்போன் வந்து உட்கார்ந்துகொண்டது. அதில் யார் யாரோ பேசுகிறார்கள். சத்தமாகப் பேசுகிறவர் பேச்சுதான் பிள்ளைக்கு வேதமாகத் தெரிகிறது.

வேதம் என்றதும் உங்களில் சிலர் விரல் நீட்டுவீர்கள். "பவுல் என்ன சொல்லியிருக்கிறார், பாருங்கள்." பார்ப்போம். நானும் பல வருடம் பார்த்திருக்கிறேன்.

கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகம், எட்டாம் அதிகாரத்திலிருந்து பத்து முடிய. கொரிந்து நகரத்துச் சந்தையில் விற்ற இறைச்சியில் நிறைய, கோயில்களில் பலியிட்டு வந்தது. அதை வாங்கலாமா, தின்னலாமா என்று அங்கே புதிதாகக் கிறிஸ்தவரானவர்களுக்குள் பெரிய சச்சரவு. நம் தெருவில் கூழுக்கும் பொங்கலுக்கும் பொரிகடலைக்கும் நடக்கிற அதே சச்சரவு. பத்தாம் அதிகாரத்தில் பேய்கள் என்ற சொல் வருகிறது. வராமல் இல்லை. அதை உங்களிடமிருந்து மறைத்துவிட்டு நான் பேசினால் அது நேர்மை ஆகாது. அந்தப் பலிபீடத்தின் பந்தியில் நீங்கள் போய் உட்காராதீர்கள் என்கிறார். ஆனால் அதே அதிகாரத்தில், சில வசனங்கள் தள்ளி, நம்பிக்கை இல்லாத ஒருவர் உங்களை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டால், போக மனமிருந்தால் போங்கள், வைத்ததைக் கேள்வி கேட்காமல் சாப்பிடுங்கள் என்கிறார். இது படைத்தது என்று யாராவது எடுத்துச் சொன்னால் சாப்பிட வேண்டாம் என்றும் சொல்கிறார். அதற்கு அவர் சொல்லும் காரணம் உங்கள் மனச்சாட்சி அல்ல, சொன்னவருடைய மனச்சாட்சி. அவர் மனதில் குழப்பம் வந்துவிடக் கூடாது என்பதற்காக.

இந்த மூன்று அதிகாரத்தையும் திரும்பத் திரும்பப் படித்தால் ஒன்று தெரிகிறது. பவுல் கவலைப்படுவது தட்டில் இருக்கிற இறைச்சியைப் பற்றி மிகக் கொஞ்சம். தட்டின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கிற மனிதர்களைப் பற்றித்தான் நிறைய. கூழ் விஷயத்தில் நான் எப்படி நடக்கிறேன் என்று கேட்டால், குடிக்கிறேன். நான் குடிப்பதால் எதிர்வீட்டு ஆயாவுக்கு எந்தக் குழப்பமும் வந்ததில்லை. மாரியம்மனுக்கு மாறிவிட்டேன் என்று அவர் ஒரு நாளும் நினைத்ததில்லை. நான் இன்னும் சரியாகக் கூழ் காய்ச்சப் பழகவில்லை என்றுதான் நினைக்கிறார். உங்கள் மனச்சாட்சி இடம் கொடுக்காவிட்டால் நீங்கள் குடிக்க வேண்டாம். அதற்கும் பவுலிடம் இடம் இருக்கிறது. ஆனால் சொம்பை இரண்டு கையாலும் வாங்கலாம். "எங்களுக்கு வழக்கமில்ல ஆயா, தப்பா நினைக்காதீங்க" என்று சொல்லலாம். பேய் என்ற சொல் வாசலில் நிற்கிற மனுஷியின் முகத்தைப் பார்த்துச் சொல்வதற்காக எழுதப்பட்டதில்லை.

அதே பவுல் எபேசு நகரத்தில் இருந்த கதையையும் ஒருமுறை பிள்ளைக்குச் சொல்லுங்கள். திருத்தூதர் பணிகள், பத்தொன்பதாம் அதிகாரம். எபேசு நம் ஓசூர் மாதிரி ஒரு தொழில் நகரம். தியானாள் தேவிக்கு வெள்ளியில் சிறுகோயில் செய்து விற்கிற தட்டார்கள், பவுலால் தங்கள் பிழைப்புக் கெடும் என்று ஊரைத் திரட்டிவிட்டார்கள். இரண்டு மணி நேரம் கூச்சல். கடைசியில் நகரத்து அதிகாரி வந்து கூட்டத்தை அமர்த்தினார். அவர் எடுத்துச் சொன்ன நியாயங்களில் ஒன்று, இந்த மனிதர்கள் நம் கோயிலையும் கொள்ளையடிக்கவில்லை, நம் தேவியையும் பழிக்கவில்லை என்பது. பிற மதத்து அதிகாரி ஒருவர், பவுலின் கூட்டாளிகளுக்குக் கொடுத்த நற்சான்று. அந்த ஊரில் பவுல் மூன்று வருடம் இருந்து கிறிஸ்துவைப் போதித்தார். எதையும் ஒளிக்கவில்லை. ஆனால் அவர் கூட்டாளிகள் தேவியைப் பழித்தார்கள் என்று அந்த அதிகாரியால் சொல்ல முடியவில்லை. நம் பிள்ளைகளுக்கு இந்த நற்சான்றை நம் தெருவில் யாராவது எழுதிக்கொடுப்பார்களா?

கத்தோலிக்கப் பெற்றோருக்கு மட்டும் ஒரு வார்த்தை. மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு ரோமாபுரி ஏடு கட்டுப்பாடு இல்லை. 1965 அக்டோபர் 28. இரண்டாம் வத்திக்கான் சங்கம் அன்றைக்கு வெளியிட்ட ஏடுகளில் ஒன்று, கிறிஸ்தவக் கல்வி பற்றியது. பிள்ளைகளுக்கு முதல் ஆசிரியர் பெற்றோர்தான் என்று சொல்வது அது. அதை மேற்கோள் காட்டித்தான் நாங்கள் உங்களைக் கூட்டத்துக்கு வரச்சொல்லித் திட்டுவோம். அதே நாளில் வெளியான இன்னோர் ஏடு, பிற சமயங்களைப் பற்றியது. இந்து சமயத்தைப் பெயர் சொல்லி மதிப்போடு பேசுகிறது. இஸ்லாமியரைப் பற்றி மரியாதையோடு பேசுகிறது. அந்தச் சமயங்களில் உண்மையும் தூய்மையுமாக இருக்கிற எதையும் திருச்சபை ஒதுக்கித் தள்ளவில்லை என்கிறது. கிறிஸ்துவை அறிவிப்பது நம் கடமை என்பதையும் அதே மூச்சில் சொல்கிறது. ஒரே நாள், இரண்டு ஏடு. அறுபது வருடமாக முதலாவதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பாடம் எடுத்திருக்கிறோம், நான் உட்பட.

இன்னொன்று. நம் வாயில் இருக்கிற சொற்களை எண்ணிப்பாருங்கள். எலத்தகிரி மாதிரிப் பழைய கத்தோலிக்க ஊர்களில் பெரியவர்கள் இன்றும் "கோயிலுக்குப் போறேன்", "பூசைக்கு நேரமாச்சு" என்றுதான் சொல்கிறார்கள். கோயில், பூசை, அருள், பிரசாதம், குரு, மந்திரம். எல்லாம் பக்கத்து வீட்டிலிருந்து வந்த சொற்கள். இவற்றில் பலவற்றை நம் வழிபாட்டுக்குள் கொண்டுவந்த பெருமை, 1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி என்கிற தத்துவ போதகருக்குச் சேர்கிறது. தமிழும் தெலுங்கும் வடமொழியும் கற்று, உடை மாற்றி, உணவு மாற்றி வாழ்ந்தவர். குடுமியும் பூணூலும் சந்தனமும் கிறிஸ்தவருக்கு ஆகாதா என்று அவர்மேல் வழக்கே நடந்தது. 1623-ல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி அவற்றை அனுமதித்தார். அதே வருடம் நொபிலி வடக்கே புறப்பட்டுச் சேந்தமங்கலம், சேலம் வரைக்கும் வந்தார். நம் பக்கத்து ஊர்கள்தான்.

அவர் எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டவர் என்று நினைக்காதீர்கள். மறுபிறவிக் கொள்கையை மறுத்துப் 'புனர்ஜென்ம ஆட்சேபம்' என்று ஒரு நூலே எழுதினார். மறுக்க வேண்டியதை, அதைப் படித்த பிறகு, அவர்கள் மொழியில், முகத்தைப் பார்த்து மறுத்தார். நாமோ படிக்காமலே மறுக்கக் கற்றுக்கொடுக்கிறோம். அவரிடம் குறையும் இருந்தது. மேல்சாதிக்காரரை நெருங்குவதற்காகச் சாதி வேலியை அப்படியே விட்டுவைத்தார். அந்த வேலியின் முள் இன்றைக்கும் நம் காலில் குத்துகிறது. மாற்றுச் சமயத்தை மதிக்கிறேன் என்பவர், அடுத்த தெருக்காரரை மதிக்க மறந்தால் என்ன ஆகும் என்பதற்கும் அவரே சாட்சி.

மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளையையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். தேவமாதாவுக்கு அந்தாதி பாடிய கத்தோலிக்கர்தான் 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை' எழுதினார். கச்சேரி மேடையில் இன்றும் பாடுகிறார்கள். தாது வருடப் பஞ்சத்தில் அவர் கையில் இருந்ததையெல்லாம் கொடுத்தபோது, அவரைப் புகழ்ந்து பாடியவர் நந்தனார் சரித்திரம் எழுதிய கோபாலகிருஷ்ண பாரதியார். ஒருவர் விசுவாசத்தை மற்றவர் எடுத்துக்கொள்ளவுமில்லை, விட்டுக்கொடுக்கவுமில்லை.

இப்போது சொல்லக் கூசுகிற ஒன்றுக்கு வருகிறேன். உங்களில் பல வீட்டில் பிள்ளைக்கு இரண்டு பெயர். ஞானஸ்நானத்தில் ஒன்று, பள்ளிக்கூடத்தில் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை கோயில், சாதிச் சான்றிதழில் இந்து. 1950-ஆம் வருடத்து அட்டவணைச் சாதிகள் ஆணை அப்படி. 1956-ல் சீக்கியருக்கும் 1990-ல் பௌத்தருக்கும் கதவு திறந்தது, நமக்குத் திறக்கவில்லை. ஞானஸ்நானத் தண்ணீர் பட்டதும் தீண்டாமை உலர்ந்துவிட்டது என்று அரசாங்கம் நினைக்கிறது. உலர்ந்ததா என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். டீக்கடைக்கும் தெரியும். படிப்புக்கும் வேலைக்கும் ஒரு வழி வேண்டும் என்று சான்றிதழை அப்படியே விட்ட தகப்பனை நான் குற்றம் சொல்ல மாட்டேன். அந்த அநியாயத்துக்கான பதில் தில்லியிலிருந்து வர வேண்டும்.

ஆனால் இதில் பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்று யோசித்தீர்களா? "வெளியே சொல்லாதே" என்று ஒரு பக்கம் வாயைக் கட்டுகிறோம். மனதுக்குள் குற்ற உணர்ச்சி. அதை ஈடுகட்ட வீட்டுக்குள் இரண்டு மடங்கு காரமாக "அவங்க சாமி பேய்" என்கிறோம். காலையில் பள்ளிக்கூட விண்ணப்பத்தில் இந்து என்று எழுதிய அதே கை, சாயங்காலம் இந்துவைப் பழிக்கிறது. பத்து வயதுப் பிள்ளை இதை எங்கே கொண்டுபோய் வைக்கும்? அவனிடம் உண்மையைச் சொல்லுங்கள். சட்டம் இப்படி இருக்கிறது, நமக்கு இப்படி ஓர் இக்கட்டு, நாம் கும்பிடுவது கிறிஸ்துவை, இதில் பக்கத்து வீட்டுக்காரர் தப்பு எதுவும் இல்லை. பிள்ளைக்குப் புரியும். நாம் நினைப்பதைவிட நன்றாகவே புரியும்.

கலப்பு மணம் பற்றி நிறையச் சொல்லலாம். சுருக்கமாகச் சொல்கிறேன். ஓசூர்க் கம்பெனிகளில் ஒரே லைனில் வேலை பார்த்துக் கல்யாணம் செய்துகொண்ட பிள்ளைகள் இப்போது நம் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார்கள். முன்பு, கத்தோலிக்கரை மணக்கிற வேறு மதத்தவரும், பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்ப்போம் என்று வாக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. 1970-ல் பாப்பரசர் ஆறாம் பவுல் அதை மாற்றினார். இன்றைக்கு அந்த வாக்கைக் கத்தோலிக்கத் தரப்பு மட்டும் கொடுத்தால் போதும், அதுவும் தன்னால் இயன்றதைச் செய்வேன் என்று. மற்றவருக்கு விஷயத்தைத் தெரிவித்தால் போதும். திருச்சபையே உங்கள் மருமகளிடம் கேட்காததை மாமியாரான நீங்கள் கேட்காதீர்கள். பேரன் அம்மாவின் அம்மா வீட்டுக்குப் போய்வந்தால் நெற்றியை முந்தானையால் துடைக்கிற வேலை வேண்டாம். அந்தப் பிள்ளைக்கு இரண்டு பாட்டி.

ஆயுதபூசை வரும். உங்கள் வீட்டுக்காரர் ஓட்டுகிற மெஷினுக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள், வாசலில் பூசணிக்காய் உடைப்பார்கள், பொரிகடலைப் பொட்டலம் வரும். சில கம்பெனிகளில் குடும்பத்தையும் உள்ளே விடுவார்கள். அங்கே நம் பிள்ளை எப்படி நிற்க வேண்டும்? 1985-ல் கேரளத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்று பிள்ளைகள், யெகோவாவின் சாட்சிகள் என்கிற பிரிவைச் சேர்ந்தவர்கள், தேசியகீதம் பாடவில்லை என்று வெளியே அனுப்பப்பட்டார்கள். அவர்கள் பாடவில்லை, ஆனால் தினமும் மரியாதையாக எழுந்து நின்றார்கள். 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சின்னப்ப ரெட்டி அவர்கள் பக்கம் தீர்ப்பு எழுதினார். எழுந்து நின்றதே மரியாதைதான், பாடித்தான் ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை என்றார். அந்தப் பிள்ளைகளின் மதப்பிரிவு எனக்கு உடன்பாடானது இல்லை. ஆனால் அவர்கள் நின்ற நிலையை நம் பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று நினைக்கிறேன். கும்பிட மனமில்லாத இடத்தில் கும்பிட வேண்டாம். ஓரமாக, அமைதியாக, இளக்காரச் சிரிப்பு இல்லாமல் நிற்கலாம். பூசை முடிந்ததும் அப்பாவின் கூட்டாளிகளுக்குக் கை கொடுக்கலாம்.

இதே மரியாதை நம் பக்கமும் வர வேண்டாமா என்று கேட்பீர்கள். வர வேண்டும். "அல்லேலூயா கோஷ்டி" என்று வகுப்பில் கேலி செய்கிறார்கள் என்று அழுதுகொண்டு வந்த பிள்ளையை நானே தேற்றியிருக்கிறேன். எத்தனை மூட்டை கோதுமைக்கு மாறினீர்கள் என்று இன்றும் கேட்கிறவர்கள் உண்டு. எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்தில் 2022-ல் மதமாற்றத் தடைச் சட்டம் வந்தபோது, ஓசூரில் வீட்டு ஜெபக் கூட்டம் நடத்தியவர்கள்கூடக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். வலிக்கிறது. ஆனால் கேலி செய்தவன் எங்கேயோ இருக்கிறான், சொம்போடு வாசலுக்கு வந்தவர் எதிர்வீட்டு ஆயா. அவன் கணக்கை இவரிடம் தீர்க்கலாமா? அரசியல் சட்டத்தின் 28-ஆவது பிரிவு, பெற்றோர் சம்மதம் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியில் சமயபோதனைக்கு உட்காரவைக்கக் கூடாது என்கிறது. நம் பிள்ளைக்கு அந்தக் காவல் வேண்டும் என்றால், நம் பள்ளிக்கூடங்களில் படிக்கிற அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் அது வேண்டும். அங்கே மறைக்கல்வி நேரத்தில் நம் பிள்ளைகளை ஓர் அறைக்கும், மற்றப் பிள்ளைகளை நன்னெறி வகுப்பு என்று வேறோர் அறைக்கும் பிரித்து அனுப்புகிறோம். அது சரியான ஏற்பாடுதான். இருந்தாலும் ஆறு வயதில் கைகோத்து வந்த இரண்டு பிள்ளைகள் கதவருகே கையை விடுவதைப் பார்க்க எனக்கு இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

நான் கேட்பது இதுதான். ஆடி பிறக்க இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. அதற்குள் ஒரு சாயங்காலம், இரண்டு பேருக்கும் ஷிப்ட் இல்லாத சாயங்காலமாகப் பார்த்து, பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். போனைத் தூர வையுங்கள். நீங்கள் ஏன் கிறிஸ்துவை நம்புகிறீர்கள் என்று உங்கள் சொந்த வார்த்தையில் சொல்லுங்கள். உங்கள் தாத்தா எப்படி வந்தார், உங்களுக்கு எந்தக் கஷ்டத்தில் எந்தச் செபம் கைகொடுத்தது என்று சொல்லுங்கள். வார்த்தை வராவிட்டால் அங்கேதான் நம் வேலை தொடங்குகிறது. அப்படிப்பட்டவர்கள் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பிள்ளையை விட்டுவிட்டு ஓடாமல் என் வகுப்பின் கடைசி பெஞ்சில் வந்து உட்காருங்கள். நானும் பாடத்தைத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் கட்டளைக்கு இப்போது வேறு விளக்கம் வைத்திருக்கிறேன். தப்பு இருந்தால் எல்லார் முன்னாலும் சொல்லுங்கள்.

பிறகு அந்தச் சொல்லை வீட்டில் நிறுத்துங்கள். பேய், சாத்தான் என்று யாருடைய சாமியைப் பற்றியும் பிள்ளை காதுபடப் பேச வேண்டாம். சபையில் யார் பேசினாலும், அவர் போதகராகவே இருந்தாலும், வெளியே வந்ததும் நேராகப் போய், "ஐயா, இதைப் பிள்ளைங்க முன்னால சொல்லாதீங்க" என்று கேட்டுக்கொள்ளுங்கள். கோடை விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்துகிறவர்களுக்கும் இதே வேண்டுகோள். உங்கள் நாடகங்களில் கறுப்புத் துணி கட்டிய பிசாசு நெற்றியில் குங்குமத்தோடு வர வேண்டிய அவசியம் என்ன?

பன்னிரண்டு வயதில் இயேசு எருசலேம் கோயிலில் பெரியவர்கள் நடுவே உட்கார்ந்து, அவர்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டும் கேள்வி கேட்டுக்கொண்டும் இருந்தார் என்று லூக்கா எழுதுகிறார். உங்கள் பிள்ளையையும் ஒருமுறை கேட்கச் சொல்லி அனுப்புங்கள். ஆடிப்பெருக்குக்கு அனுமன்தீர்த்தத்தில் போய் ஏன் முழுகுகிறீர்கள், காவேரிப்பட்டணத்து மயானக் கொள்ளை எதற்கு, ரம்ஜான் நோன்பில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டீர்களா. அந்தந்த வீட்டுப் பெரியவர்கள் வாயால் கேட்கட்டும். அவர்கள் திருப்பிக் கேட்பார்கள். "உங்க சாமியை ஏன் கண்ணு சிலுவையில அறைஞ்சாங்க?" அதற்குப் பதில் சொல்லத் தெரிந்த பிள்ளையாக அவனை அனுப்புங்கள்.

எதிர்வீட்டு ஆயா இப்போது நடமாட்டம் குறைந்து திண்ணையோடு இருக்கிறார். போன வருடம் கூழ்ச் சொம்பை அவர் பேத்தி கொண்டுவந்தாள். வாங்கியவன் என் மகன். பதினெட்டு வயது, ஆயுதபூசைக்கு முந்தைய வாரம் கம்பெனியில் அப்ரெண்டிஸாகச் சேரவிருந்தான். குடித்துவிட்டுச் சொம்பைக் கழுவி, வெறுமனே கொடுக்கக் கூடாது என்று நாலு நீலம் மாம்பழத்தை அதில் போட்டு, அவனே எதிர்வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனான். திண்ணையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

உங்கள் தெருவிலும் இந்த ஆடியில் சொம்பு வரும். கையை நீட்ட வேண்டியது உங்கள் பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை கடைசி பெஞ்சில் உங்களுக்கு இடம் போட்டு வைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்களில் ஒருத்தி,
மறைக்கல்வி ஆசிரியை,
சாமல்பட்டி.